கவ்வாத்துச்சாமியின் பிறந்த ஊர்

கல் தேடி வெளிநாடு போன முதல் சேலத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, வேலைக்குப் பஞ்சம் உண்டு. கல்லுக்குப் பஞ்சம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே நான் சுத்தியலை வைப்பதைப் பார்த்துவிட்டு, "அங்க போயி ஒடைக்கிறத இங்கயே ஒடைக்கக் கூடாதா?" என்று கேட்டாள் என் மனைவி. ஆய்வு என்றால் என்னவென்று அவளுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கம்பளிச் சட்டையையும் எடுத்து வைத்தாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் ஒரு கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளர். டாக்டர் பட்டத்துக்காக ஆறு வருடமாக ஓர் ஆய்வேட்டைச் சுமந்துகொண்டிருந்தேன். பட்டம் வந்தால் துறைத்தலைவர் நாற்காலி எனக்கு. வராவிட்டால் என்னைவிட எட்டு வயது இளையவனுக்கு. ஆய்வேட்டில் நான் சொல்ல வந்தது இதுதான்: இலங்கையின் மலைநாடு ஒரு காலத்தில் ஒரு கண்டத்தின் ஓரமாக இருந்தது. கடலின் அடித்தளம் அந்த ஓரத்துக்கு அடியில் புகுந்தது. அப்படிப் புகுந்ததால் அங்கே கிரானைட் பிறந்தது. இவ்வளவு பெரிய வழக்குக்கு என்னிடம் இருந்த சாட்சி பாதி உள்ளங்கை அளவில் ஒரு கல்.

அதைக் கொடுத்தவர் எங்கள் கல்லூரித் தோட்டக்காரர் பெரியசாமி. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். புறப்படும்போது தங்கள் சாமிக்கல்லிலிருந்து ஒரு சில்லு பெயர்த்து மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ரோஜா நிறக் கிரானைட், நடுவில் புளியங்கொட்டை மாதிரி கறுப்புத் திட்டுகள். எங்கே எடுத்தது என்று கேட்டேன். "ஊருலேருந்து வந்த சாமிங்க. எட்டாம் நம்பர் மலையில இருக்காரு" என்றார். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்: "மலை எண் எட்டு. அருகில் ஓர் ஊர்."

எனக்கு வழிகாட்டும் பேராசிரியர் என் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, ஒரு சில்லை வைத்துக்கொண்டு ஒரு கண்டத்துக்கே ஓரம் தைக்கிறாய் என்றார். தாய்ப்பாறையைக் கண்ணால் பார்த்துவிட்டு வா, இல்லையென்றால் இதைத் தாக்கல் செய்யாதே என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்படித்தான் நான் கடல் தாண்டினேன்.

முதல் நாள் ரயில் வட்டவளைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின்மேல் பாறை சரிந்திருக்கிறதாம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வருடத்துக்கு ஒருமுறை இப்படிப் பெய்தால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுக் கொண்டாடுவார்கள். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெட்டியில் எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். நான் ஒருவன்தான் சந்தோஷமாகக் குடையையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

விழுந்து கிடந்தது சார்னோக்கைட். கறுத்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கும் பாறை. பல்லாவரத்தில் இருப்பதும் இதுதான், ஏற்காட்டில் இருப்பதும் இதுதான். பூமியின் ஆழத்தில், ஈரமெல்லாம் வற்றிப்போன சூட்டில் வெந்தது. எனக்கு வேண்டியது ஈரத்தில் பிறந்த கல். மேலே ஓயாத மழை, கீழே வறண்ட பாறை என்று நினைத்துக்கொண்டே ஒரு துண்டு உடைத்தேன். பாதையைச் சீர்செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் எனக்கு மொழிபெயர்த்தார். மாத்தயாவுக்கு, அதாவது ஐயாவுக்கு, அவ்வளவு ஆசையாக இருந்தால் முழுப் பாறையையும் எடுத்துக்கொண்டு போகலாமாம், அவர் இனாமாகவே தருகிறாராம்.

ஹட்டனில் அந்தோனி மாஸ்டர் வீட்டில் தங்கினேன். நண்பரின் நண்பர். பள்ளியில் விஞ்ஞானம் கற்பிப்பவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர், எதையும் மெதுவாகச் சொல்லுகிறவர். அவர் வீட்டில் தேங்காய்ப்பூ போட்ட தடித்த ரொட்டியும் சிவக்கச் சிவக்க இடித்த சம்பலும் கொடுத்தார்கள். குளிருக்கு அது அமிர்தமாக இருந்தது. மூன்று ரொட்டி முடித்த பிறகு சம்பலில் இவ்வளவு ருசி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மாசி போட்டது என்றார் மாஸ்டரின் மனைவி. மாசி என்றால் எனக்கு ஒரு மாதம்தான் தெரியும். காய்ந்த மீன் என்று தெரிந்தபோது நான்கு தலைமுறைச் சைவம் மூன்று ரொட்டியோடு உள்ளே போய்விட்டிருந்தது. தெரிந்த வார்த்தைதானே என்று இந்த நாட்டில் எதையும் விழுங்கிவிடக் கூடாது என்று அன்றே நான் பாடம் கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

இரண்டாம் நாள் லிந்துலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வரைபடத்தில் அந்தத் தோட்டத்தைச் சுற்றியிருந்த சிகரங்களை வடக்கிலிருந்து எண்ணி எட்டாவதைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் ஏறினேன். உச்சியில் மூடுபனி இருந்தது, அட்டைகள் இருந்தன, என் காலுறைக்குள் நான் எண்ணிய வரை பதினொன்று. ரோஜா நிறக் கல் மட்டும் இல்லை. இறங்கி வரும்போது கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களிடம் எட்டாம் நம்பர் மலை எது என்று கேட்டேன்.

ஒரு அம்மாள் என் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "எட்டாம் நம்பரு கீழ ஸ்டோருகிட்டல்ல இருக்கு. நீங்க எதுக்குங்க அங்குட்டு மேல ஏறுனீங்க?"

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மலை என்றால் தேயிலை நட்டிருக்கும் ஒரு துண்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன நம்பர் மலைக்கு என்று அனுப்புவார்களாம். நான் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து எட்டாம் நம்பர் மலை ஐந்து நிமிட நடை.

அங்கேதான் பெரியசாமியின் தம்பி சடையன் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைச் செடியை வெட்டிக் குட்டையாக்குவதைக் கவ்வாத்து என்கிறார்கள். அதில் அவர் கெட்டிக்காரர். அந்த வேலைக்கென்று ஒரு சாமியே இருக்கிறது. கவ்வாத்துச்சாமி. வெட்டுத் தொடங்கும் நாளில் கத்திகளையெல்லாம் அதன்முன் வைத்துப் படைத்துவிட்டுத்தான் செடியைத் தொடுவார்கள். பூசை போடுகிறவரும் சடையன்தான். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், தோட்ட வேலை பார்க்கிறார் என்றேன். "அங்க போயும் தோட்டந்தானா?" என்றார்.

சாமி ஒரு சவுக்கு மரத்தடியில் மண்ணுக்குள் புதைந்து ஒரு சாண் உயரம் மட்டும் வெளியே தெரிந்தார். மஞ்சளும் எண்ணெயும் குங்குமமும் தலைமுறைக் கணக்கில் ஏறியிருந்தன. ஒரு மூலையில் மட்டும் சில்லு பெயர்த்த வடு. என் பையிலிருந்த துண்டை எடுத்துப் பொருத்தினேன். பல் பொருந்துவதுபோல உட்கார்ந்தது. உரக்கக் கத்த வேண்டும் போலிருந்தது. சாமி முன்னால் என்பதால் கும்பிட்டேன். சடையன் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

இனித் தாய்ப்பாறை ஒன்றுதான் பாக்கி. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சடையன் எனக்கு வழிகாட்டினார். ஓடைகளில் இறங்கினோம், ரோட்டு வெட்டுகளைத் தடவினோம், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் இருந்த பாறைகளையெல்லாம் தட்டினேன். லயத்து ஜனங்கள் என்னை இந்தியாவிலிருந்து கணக்கெடுக்க வந்த அதிகாரி என்றே முடிவுகட்டிவிட்டார்கள். அங்கே வீடு கொடுப்பார்களா, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்களா என்று கேட்டார்கள். நான் கல் பார்க்க வந்தவன் என்றால் பெரிய மனுஷர் உண்மையை மறைக்கிறார் என்பதுபோலச் சிரித்தார்கள்.

மழைக்கு ஒதுங்கியபோது சடையன் போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிறவர்கள் குடிப்பது தூள் கழிவில் போட்ட வெறும் சாயம். கல் எப்படிப் பிறக்கும் என்று அவர் கேட்டார். வகுப்பில் யாரும் என்னை இப்படித் தானாகக் கேட்டதில்லை. உற்சாகமாகிவிட்டேன்.

கடலுக்கு அடியில் இருக்கும் தரை சும்மா கிடப்பதில்லை, நகம் வளர்கிற வேகத்தில் நகர்கிறது என்றேன். சில இடங்களில் அது கண்டத்தின் ஓரத்தில் முட்டி, அடியில் சரிந்து இறங்கும். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் இன்றைக்கும் அப்படித்தான் இறங்குகிறது. அது கடலில் ஊறிய கல். தண்ணீர் அதன் உடம்புக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். ஆழத்துக்குப் போகப் போகச் சூடும் அழுத்தமும் அந்தத் தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். அது மேலே இருக்கும் கொதிக்கும் பாறைக்குள் ஏறும். உலர்ந்திருந்தால் அதே சூட்டில் அசையாமல் இருந்திருக்கும் பாறை, நனைந்தவுடன் உருகத் தொடங்கும்.

சடையன் இதற்கு ஆச்சரியப்படவே இல்லை. "தண்ணி எறங்குனா மலையே ஒடஞ்சி லயத்து மேல வந்து விழுவுதுங்க. கல்லு உருகுறதுக்கென்ன?" என்றார்.

நான் மேலே போனேன். அப்படி உருகி வருவது கறுப்புக் குழம்பு, கனமானது. கண்டத்தின் அடிப்பாகம் வரை ஏறி அங்கே தேங்கும். கனமான தாதுக்கள் முதலில் கட்டியாகி அடியில் தங்கிவிட, மிச்சக் குழம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். அதன் சூட்டில் மேலே இருக்கும் கண்டத்துப் பாறையும் இளகும். முழுக்க உருகாது, எளிதில் உருகக்கூடிய வெளிறிய பகுதி மட்டும் வடியும். இரண்டும் கலந்து மேலே ஏறி, பாதி வழியில் மெல்ல ஆறி உறைந்தால் கிரானைட். சரியாகக் கலக்காமல் போனால் கறுப்புக் குழம்பின் சொட்டுகள் அங்கங்கே திட்டுத் திட்டாக நிற்கும். உங்கள் சாமி உடம்பில் இருக்கும் கறுப்புத் திட்டு அதுதான் என்றேன்.

"அப்ப ரெண்டு சாதியும் கலந்தவருங்க நம்ம சாமி" என்றார் சடையன். அவருக்கு அதில் திருப்திதான்.

நான்காம் நாள் மாலைக்குள் தோட்டம் முழுவதும் சுற்றியாகிவிட்டது. எங்கு தட்டினாலும் சார்னோக்கைட், வரிவரியான நைஸ் பாறை, மறுபடி சார்னோக்கைட். ரோஜா நிறத்தில் ஒரு மிளகளவு கூட இல்லை. அப்போதுதான் குறிப்பேட்டைப் புரட்டி, பெரியசாமி சொன்ன அந்தப் பக்கத்து ஊரை இன்னும் பார்க்கவில்லையே என்று நினைத்தேன். சாமி ஊரிலிருந்து வந்ததாமே, அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று சடையனிடம் கேட்டேன்.

"ஊருன்னா ஊருதாங்க. இந்தியா" என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்கமும் சொன்னார். பாட்டனுக்குப் பாட்டன் தோட்ட வேலைக்கு வரும்போது அங்கேயிருந்த சாமிக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாராம். ஒரு குடம் தண்ணீர் கனம் இருக்குமாம். எந்த ஊர் என்று தெரியுமா என்று ஈனக்குரலில் கேட்டேன். அவருக்கு அது மனப்பாடம். பிரஜாவுரிமை விண்ணப்பப் பாரங்களில் எத்தனை தடவை எழுதியிருக்கிறார்! "சேலம் சில்லா, ராசிபுரம் வட்டம்" என்று தொடங்கிக் கிராமத்தின் பெயரையும் சொன்னார்.

என் மாமனார் வீட்டுக்குப் போகும் வழி. மாதம் இரண்டு தடவை பஸ்ஸில் அந்த ஊரைக் கடக்கிறேன். ரோட்டோரத்தில் ஒரு சின்னப் பாறைக் கரடு உண்டு. லாரிகள் ஜல்லி ஏற்றிக்கொண்டு நிற்கும். ரோஜா நிறம்தான். வழியில் இருக்கும் கல்லை எந்த விஞ்ஞானி இறங்கிப் பார்ப்பான்? நான் அந்த இடம் வரும்போதெல்லாம் தூசிக்குப் பயந்து ஜன்னலை மூடுவேன். ஆறு வருடம் நான் இலங்கைக்குத் தைத்துக்கொண்டிருந்த ஓரம், ராசிபுரம் ரோட்டில் பெயர்த்த கல். வாய்விட்டு அழலாம் போலிருந்தது. அட்டை கடித்த இடம் வேறு அரித்தது.

ஐந்தாம் நாள் விடைபெறத்தான் போனேன். ஆனால் அங்கே தோட்டத்து மேலாளரான துரை நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் கடப்பாரையோடு இரண்டு பேர். கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை லாரி வர எட்டாம் நம்பர் மலையின் குறுக்கே ரோடு வெட்டப்போகிறார்களாம். சாமி அந்தக் கோட்டில் இருக்கிறார். துரை சிங்களவர், நல்ல மனிதர், நியாயமாகத்தான் பேசினார். இது நட்டுவைத்த கல்லாக இருந்தால் மரியாதையோடு தோண்டி வேறு இடத்தில் வைப்போம். இந்த நிலத்தின் பாறையாகவே இருந்தால் ரோட்டை வளைத்துவிடுகிறேன் என்றார். தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா, அதற்குத்தான் கடப்பாரை.

சடையன் துரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். எடுத்து வேறு இடத்தில் வைத்த சாமிமுன் அவரும் கத்தி வைக்க மாட்டார், மற்றவர்களும் வைக்க மாட்டார்கள் என்பதை முந்தின நாளே பேச்சுவாக்கில் எனக்குச் சொல்லியிருந்தார்.

துரை என் சுத்தியலைப் பார்த்து யாரென்று விசாரித்தார். கல் படித்தவன் என்றதும் முகம் மலர்ந்தது. அப்படியானால் நீங்களே சொல்லுங்கள் என்றார் ஆங்கிலத்தில்.

நான் சாமியைச் சுற்றி வந்தேன். குனிந்து பூதக்கண்ணாடியால் பார்த்தேன். பிறகு, இருபது வருடம் பாடம் நடத்திய குரலில், இது இந்த மண்ணிலேயே பிறந்த பாறை என்றேன். வெளியே தெரிவது நுனிதான், கீழே மைல் கணக்கில் போகிறது, கடப்பாரை உடையுமே தவிரப் பாறை அசையாது என்றேன். கண்டத்தின் ஓரம், கடலின் அடித்தளம், தண்ணீர், கறுப்புக் குழம்பு எல்லாவற்றையும் சொன்னேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுவதையும் சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அதை யாரும் அவ்வளவு மரியாதையோடு கேட்டதில்லை. துரை தலையாட்டிவிட்டு, ரோட்டை வளைக்கச் சொல்லித் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டருக்கு உத்தரவிட்டார். ஒரு தாள் காட்டச் சொல்லவில்லை, ஒரு கையெழுத்துக் கேட்கவில்லை. ஆக மொத்தம் ஐந்து நிமிடம்.

அன்று சாயங்காலம் அந்தோனி மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப ஆய்வுலயும் இத அப்படியே எழுதிடலாமேங்க. கல்லு இங்கதான இருக்கு. யாரு வந்து தோண்டப் போறாங்க?" என்றார். பாவமன்னிப்புக்கு வழி தெரிந்தவர் அவர், எளிதாகச் சொல்லிவிட்டார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த மேசையிலேயே குறிப்பேட்டைத் திறந்து, "ஹட்டன் அருகே நேரில் கண்டறியப்பட்டது" என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஒரு ரொட்டி தின்னும் நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாஸ்டரிடம் அழிப்பான் கேட்டேன். ஒரு கல்லுக்காகப் பொய் சொன்னதில் எனக்கு வெட்கம் வரவில்லை. எனக்காகச் சொல்ல நினைத்தபோது வந்தது. மூன்றாம் அத்தியாயத்தோடு ஆய்வேடு போயிற்று, ஆய்வேட்டோடு நாற்காலியும் போயிற்று. இளையவன் இப்போது அதில்தான் உட்கார்ந்திருக்கிறான். மோசமில்லை, நன்றாகவே நடத்துகிறான்.

ஆறாம் நாள் காலை சடையன் என்னை வழியனுப்ப ஹட்டன் பஸ் நிலையத்துக்கு வந்தார். வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பொட்டலம் தேயிலை தந்தார். பிறகு சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இந்தியப் பாஸ்போர்ட். பிறந்த இடம் என்பதற்கு நேரே அவருடைய தோட்டத்தின் பெயர் இருந்தது. இங்கேயே இருந்துவிடுகிறோம் என்றுதான் முதலில் எழுதிப்போட்டார்களாம். பாட்டன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பிவிட்டார்களாம். பாட்டன் பிறந்தது எட்டாம் நம்பர் மலைக்கு மேலே இருக்கும் லயத்தில். அந்தக் காலத்தில் அதை யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த மாதம் கப்பல்.

"ஊருலேருந்து வந்த சாமி இங்கயே பொறந்தவருன்னு ஆயிப்போச்சி. இங்க பொறந்த நான் ஊருக்குப் போறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு எங்கே தவறியது என்று பார்க்கிறவர் மாதிரி சொன்னார். பிறகு கொஞ்சம் சிரித்துக்கொண்டே, "ஐயா சொன்ன ஒத்த வார்த்தைய தொரை நம்பிட்டாரு. எனக்கும் அது மாதிரி ஒரு வார்த்த சொல்ல முடியுங்களா?" என்று கேட்டார்.

சாமிக்காக நான் சொன்னது பொய். இவருக்காகச் சொல்ல வேண்டியது உண்மை. அதை எந்த அலுவலகத்தில், யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் பதில் சொல்வதற்குள் பஸ் கண்டக்டர் மணி அடித்துவிட்டார் என்று எழுத ஆசைதான். அடிக்கவில்லை. பஸ் புறப்பட இன்னும் கால் மணி நேரம் இருந்தது.